அச்சு யாருடையது?

1951 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு தேநீர் விருந்து நடந்தது. விருந்துக்கு அழைத்தவர், மறைந்த ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட். வந்தவர்களில் ஒருவர் ரால்ஃப் பன்ச்; முந்தைய ஆண்டுதான் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றிருந்தார். இன்னொருவர் ஜாக்கி ராபின்சன். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பேஸ்பால் பெரிய லீக்கில் 1947-இல் நுழைந்து அந்தத் தடையை உடைத்தவர். இவர்கள் கூடிப் பேச வேண்டியிருந்தது ஒரே விஷயம்தான்: கடைக்கு வரப்போகும் ஒரு பொம்மைக்கு எந்த நிறத் தோல் பொருந்தும்?

நோபல் பரிசுக்காரர் உட்கார்ந்து பொம்மைக்கு நிறம் பார்த்தது இன்று வேடிக்கையாகத் தெரியலாம். அன்றைய அமெரிக்காவில் அது வேடிக்கை இல்லை. கறுப்பினக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் செய்த, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கக்கூடிய, பெரிய கடைகளில் கிடைக்கும் பொம்மை அதுவரை அரிதினும் அரிது. ‘கறுப்புப் பொம்மை’ என்று விற்றவற்றில் பெரும்பாலானவை வெள்ளைப் பொம்மைகளேதான். வார்க்கும் கலவையில் பழுப்புச் சாயம் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

காரணம் தொழிலுக்குள் இருக்கிறது. வினைல் பொம்மையின் தலையை முதலில் ஒரு சிற்பி களிமண்ணில் செதுக்குவார். அதிலிருந்து மெழுகு மாதிரி, மெழுகிலிருந்து உலோக அச்சு. அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிச் சூட்டில் சுழற்றினால் அது உள்சுவரில் தோலாகப் படியும். ஆறிக் கெட்டியாகும் முன் கழுத்துத் துவாரம் வழியாகத் தலையைப் பிடுங்கி எடுப்பார்கள். பிறகு தையல் இயந்திரம் போன்ற ஒன்றில் கொடுத்து முடியைக் கற்றை கற்றையாகத் தைப்பார்கள். இத்தனையிலும் செலவு பிடிப்பது சிற்பமும் அச்சும். சாயத்துக்குச் சில்லறைக் காசு போதும். ஒரே அச்சில் வெள்ளையும் வார்க்கலாம், பழுப்பும் வார்க்கலாம் என்னும்போது இன்னொரு முகத்துக்கு யார் பணம் போடுவார்கள்? கறுப்புப் பொம்மையின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகிறது.

ஆப்பிரிக்காவில் இந்தக் கேள்விக்கே இடமிருந்ததில்லை. கானா நாட்டு அசாந்தி மக்களின் அகுவாபா பொம்மைக்குத் தட்டையான வட்ட முகம், நீண்ட கழுத்து, குறுக்கே நீட்டிய இரு கை. குழந்தைப் பேறு வேண்டும் பெண்கள் அதை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பார்கள். அகுவா என்ற பெண், பூசாரி ஒருவரின் சொல்கேட்டு மரக்குழந்தை ஒன்றைச் சுமந்து, பிறகு பெண் குழந்தை பெற்றாள் என்பது அதன் கதை. வேண்டுதல் பலித்த பின் சில பொம்மைகள் கோயிலுக்குப் போகும், சில நம் மரப்பாச்சியைப் போலக் குழந்தையின் கைக்கு வரும். நைஜீரியாவின் யொருபா மக்கள் இரட்டையரில் ஒன்று இறந்தால் இபெஜி என்னும் மர உருவம் செதுக்கி, அதைக் குளிப்பாட்டி ஊட்டி வளர்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் என்டெபெலே பெண்கள் மணி கோத்துச் செய்யும் பொம்மைகள் வேறொரு மரபு. செதுக்கியவரும் கோத்தவரும் தம் முகத்தையும் தம் உடையையும் கண்டே செய்தார்கள்.

அடிமைக் கப்பலில் அட்லாண்டிக் கடந்தவர்களிடம் இந்தப் பொருள்கள் இல்லை. கை இருந்தது. அமெரிக்க வீடுகளில் கறுப்பினப் பெண்கள் கந்தல் துணியில் செய்த பொம்மைகள் பலவற்றை டெபோரா நெஃப் என்ற சேகரிப்பாளர் பல ஆண்டுகளாகத் திரட்டினார். 2022-இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் நடத்திய கண்காட்சியில் அவை இடம்பெற்றன. அங்கே இருந்தவற்றில் மூன்று, ஹாரியட் ஜேக்கப்ஸ் தைத்தவை. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, பாட்டி வீட்டின் பரண் போன்ற இண்டு ஒன்றில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஒளிந்திருந்து தப்பியவர் அவர். அந்தக் கதையை 1861-இல் புத்தகமாக வெளியிட்டார். பொம்மைகளை அவர் தைத்தது தன் பிள்ளைகளுக்கு அல்ல. நியூயார்க்கில் அவர் வேலை பார்த்த எழுத்தாளர் நதானியேல் வில்லிஸ் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு.

அதே காலத்தில் கடைகளில் விற்றது வேறு. பெருத்த உதடும் உருட்டு விழியுமாகக் கேலிக்கென்றே செய்த உருவங்கள், ஏப்ரன் கட்டிய ஆயாப் பொம்மைகள். 1895-இல் லண்டனில் ஃபுளோரன்ஸ் அப்டன் வரைந்த குழந்தைகள் புத்தகத்தில் கோலிவாக் என்ற பாத்திரம் வந்தது. அதற்கு அவர் காப்புரிமை எடுக்காததால் ஆளாளுக்கு அதைப் பொம்மையாக்கினார்கள். ஒரு ஜாம் கம்பெனி அதைத் தன் சின்னமாகவே வைத்துக்கொண்டது. நம் ஊர் ஆங்கிலப் பள்ளிகளில் எனிட் பிளைட்டனின் நாடி கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் கோலிவாக்கைப் பார்த்திருப்பார்கள். பிந்தைய பதிப்புகளில் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள்.

இந்தச் சந்தைக்குள்தான் ரிச்சர்ட் ஹென்றி பாய்டு நுழைந்தார். 1843-இல் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே வளர்ந்த பிறகுதான். பாப்டிஸ்ட் போதகராகி, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1896-இல் ஒரு பதிப்பகம் தொடங்கி, கறுப்பினத் தேவாலயங்களின் ஞாயிறு பள்ளிகளுக்குப் பாட நூல் அச்சிட்டுக் கொடுத்தார். 1904-இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வங்கி திறந்தார். மறு ஆண்டு நாஷ்வில் டிராம் வண்டிகளில் கறுப்பர்களைத் தனியே உட்கார வைக்கச் சட்டம் வந்தபோது, டிராமைப் புறக்கணித்த மக்களுக்காகச் சொந்த வண்டிகள் ஓட்ட முயன்ற கம்பெனியிலும் இருந்தார். குறை சொல்லிக்கொண்டு உட்காராமல் கம்பெனி தொடங்குவது அவர் சுபாவம் போலும்.

பொம்மையிலும் அதையே செய்தார். 1908 வாக்கில் தேசிய நீக்ரோ பொம்மைக் கம்பெனி பிறந்தது. கண்ணியமான தோற்றமும் நல்ல உடையும் கொண்ட கறுப்புப் பொம்மைகள் இவை, கேலி உருவங்கள் அல்ல என்பதே விளம்பரங்களின் சாரம். நாஷ்வில் குளோப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. தேவாலய வலைப்பின்னல் முழுதும் அவருக்கு விற்பனைக் களம். இடித்தது ஒன்றுதான். அன்று உலகத்தின் பொம்மைப் பட்டறை ஜெர்மனி. பீங்கான் தலைகள் அங்கிருந்தே வந்தன. பாய்டும் அங்கேதான் சொல்லிச் செய்வித்தார். 1914-இல் போர் மூண்டது. 1915 வாக்கில் கம்பெனி ஓய்ந்தது. விளம்பரமும் வாங்குபவரும் விற்பவரும் கையில் இருந்தார்கள். சூளை மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம்.

அடுத்து நியூயார்க்கின் ஹார்லெம். 1910-களின் இறுதியில் பெர்ரி அண்ட் ராஸ் என்ற கறுப்பர் கம்பெனி அங்கே பொம்மை செய்தது. கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் நடத்திய தி கிரைசிஸ் இதழில் அதற்கு விளம்பரம் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கமும் பொம்மைத் தொழிலில் இறங்கியது. கப்பல் கம்பெனி, சலவைக்கடை, உணவகம், அச்சகம் எனக் கறுப்பர் கையில் எல்லாத் தொழிலும் இருக்க வேண்டும் என்று பேசிய கார்விக்குப் பொம்மை சிறு விஷயமாகப் படவில்லை. குழந்தைக்குத் தன் நிறப் பொம்மையைக் கொடுங்கள் என்று தாய்மாரிடம் கேட்டுக்கொண்டார். 1923-இல் தபால் மோசடி வழக்கில் தண்டனை, 1927-இல் நாடுகடத்தல். இயக்கத்தின் தொழில்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன, பொம்மையும் போயிற்று.

சந்தை பழையபடி வெள்ளை அச்சுக்கே திரும்பியது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் பெயர்பெற்ற சோதனையைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இருவரும் உளவியலாளர்கள். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நான்கு பொம்மைகளைக் காட்டினார்கள். இரண்டு பழுப்பு, கறுப்பு முடி. இரண்டு வெள்ளை, மஞ்சள் முடி. நிறம் தவிர எல்லாம் ஒன்று. எதோடு விளையாடுவாய், எது நல்ல பொம்மை, எது பார்க்க மோசமாக இருக்கிறது, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 சதவீதம். பழுப்புப் பொம்மை மோசம் என்றவர்கள் 59 சதவீதம். கடைசிக் கேள்வி வந்ததும் சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள், சிலர் அறையை விட்டு ஓடினார்கள்.

1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதன் 11-ஆம் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கை இடம்பெற்றது. அதுவரை எந்தப் பொம்மையும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் அந்தப் பழுப்புப் பொம்மையின் முகமும் வெள்ளைப் பொம்மையின் முகமும் ஒன்றே. ‘உன்னைப் போல இருப்பது எது’ என்று கேட்டபோது மேசையில் இருந்த நான்கில் எதுவும் அந்தக் குழந்தையைப் போல இல்லை. சோதனை காட்டிய காயத்தை இது குறைக்கவில்லை. கடையில் அன்று என்ன கிடைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலினார் ரூஸ்வெல்ட்டின் விருந்துக்கு வருவோம். அந்தப் பொம்மைக்குக் காரணமானவர் சாரா லீ கிரீச், ஃபுளோரிடாவின் பெல் கிளேடு ஊரைச் சேர்ந்த வெள்ளையினப் பெண். 1948 டிசம்பரில் தபால் நிலையத்துக்கு வெளியே இரு கறுப்பினச் சிறுமிகள் வெள்ளைப் பொம்மைகளோடு விளையாடுவதைப் பார்த்தவர், இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று புறப்பட்டார். ஊர்க் குழந்தைகளை நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார். அந்தப் படங்களை வைத்து ஷீலா பர்லிங்கேம் என்ற சிற்பி தலைகளைச் செதுக்கினார். அப்போது அந்த ஊரில் இருந்த நாவலாசிரியர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் பாராட்டிக் கடிதம் எழுதிப் பெரியவர்களிடம் அறிமுகமும் செய்து வைத்தார். ஐடியல் என்ற பெரிய பொம்மைக் கம்பெனி செய்ய ஒப்புக்கொண்டது. நிறம் எது என்பதில்தான் தயக்கம், அதற்காகவே விருந்து.

சாராலீ என்று பெயரிட்ட பொம்மை 1951 கிறிஸ்துமஸுக்கு சியர்ஸ் கடையின் விற்பனைப் பட்டியலில் வந்தது. கறுப்பினக் குழந்தைகளின் முகத்திலிருந்து எடுத்த அச்சு, உண்மையிலேயே புதிய முகம். வெவ்வேறு நிறத் தோலோடு ஒரு குடும்பமே செய்யும் திட்டமிருந்தது. வந்தது ஒன்று மட்டுமே. அத்தனை பேர் கூடித் தேர்ந்தெடுத்த நிறமோ வினைலில் நிலைக்காமல் கசிந்து உடையில் ஒட்டியது. 1953-க்குப் பிறகு ஐடியல் அதைச் செய்யவில்லை. நல்ல மனசுக்குக் குறைவில்லை. ஆனால் அச்சு கம்பெனியுடையது. நிறுத்தும் முடிவும் கம்பெனியுடையது.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கறுப்பர்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி எரிந்தது. போலீஸ் கைது ஒன்றில் தொடங்கிய கலவரம் 6 நாள் நீடித்தது, 34 பேர் இறந்தார்கள். புகை அடங்கிய சில வாரங்களில் லூ ஸ்மித், ராபர்ட் ஹால் என்ற இரு குடிமை உரிமைப் போராளிகள் ஆபரேஷன் பூட்ஸ்ட்ராப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கலவரத்தின்போது தெருவில் கேட்ட ‘எரி’ என்ற கூச்சலை ‘கற்றுக்கொள்’ என்று மாற்றித் தங்கள் முழக்கமாக்கினார்கள். அரசு மானியம் வேண்டாம், தொழில் கற்பிப்போம், தொழிற்சாலை நடத்துவோம் என்பது அவர்கள் பிடிவாதம்.

அருகிலிருந்த ஹாதோர்ன் புறநகரில்தான் பார்பியைச் செய்யும் மேட்டல் கம்பெனி. அதன் தலைவர்கள் உதவ முன்வந்தார்கள். ஏறத்தாழ 2 லட்சம் டாலர் பணம், இயந்திரங்களை நிறுவிக் கொடுத்து ஆட்களுக்குப் பயிற்சி. பதிலுக்குப் பங்கு கேட்கவில்லை. தானமா, விளம்பரமா, கலவரம் தங்கள் வாசல் வரை வந்துவிடக் கூடாது என்ற முன்யோசனையா என்று இன்றும் பேசுகிறார்கள். மூன்றும் கலந்திருக்கும். எப்படியோ, 1968-இல் தெற்கு மத்திய லாஸ் ஏஞ்சல்ஸில் ஷிண்டானா டாய்ஸ் பிறந்தது. பெயர் ஸ்வாஹிலி. உரிமையாளர் அந்த வட்டாரத்து மக்களின் அமைப்பு. வேலையாட்கள் அந்தத் தெருக்காரர்கள். வேறெங்கும் வேலை கிடைக்காதவர்களும் அதில் உண்டு.

முதல் பொம்மை பேபி நான்சி. அகன்ற மூக்கு, தடித்த உதடு, உப்பிய கன்னம்: அத்தனையும் கறுப்பினக் குழந்தையைப் பார்த்துச் செதுக்கியவை. முடிதான் பெரிய தலைவலி. பொம்மைத் தொழிலுக்கு வந்த செயற்கை இழை எல்லாம் நேராகத் தொங்கும் வகை. சுருண்டு நிற்கும் முடி அந்தத் தொழிலில் பழக்கத்திலேயே இல்லை. அதையும் ஷிண்டானா சமாளித்து, ஆஃப்ரோ முடி வைத்த நான்சிகளைக் கடைக்கு அனுப்பியது. 1968 நவம்பர் கடைசிக்குள் லாஸ் ஏஞ்சல்ஸில் மிக அதிகம் விற்ற கறுப்புப் பொம்மை நான்சி. கிறிஸ்துமஸுக்குள் நாடு முழுவதும் விற்பனை.

அடுத்த சில ஆண்டுகள் ஷிண்டானாவின் நல்ல காலம். மலைக்கா, தாமு, ஜூரி என ஸ்வாஹிலிப் பெயர்களோடு பொம்மைகள் வந்தன. தாமுவின் கயிற்றை இழுத்தால் பேசும். அன்றைய கறுப்பின இளைஞர்களின் பேச்சுவழக்கில் பேசும். தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் ஃபிளிப் வில்சனின் துணிப் பொம்மை இரட்டை முகம் கொண்டது. முன்பக்கம் அவர், திருப்பினால் அவர் பெண் வேடமிட்டு நடித்த ஜெரால்டின். அது சக்கைப் போடு போட்டது. வாண்டா என்ற பொம்மை நர்ஸ், பாலே நடனக்காரி, விமானப் பணிப்பெண் என்று வேலைக்குப் போனது. கறுப்பினச் சிறுமி வளர்ந்தால் என்னவெல்லாம் ஆகலாம் என்று காட்டுவதே நோக்கம். லாபத்தில் ஒரு பங்கு வட்டாரத்துக்கே திரும்பியது.

பிறகு சரிவு. பொம்மைத் தொழில் கிறிஸ்துமஸை நம்பிய தொழில். ஒரு சீசன் தவறினால் அடுத்த சீசனுக்குக் கடன் வாங்க வேண்டும். தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பெரிய கம்பெனிகள் கொட்டிய பணம் ஷிண்டானாவிடம் இல்லை. 1976-இல் லூ ஸ்மித் கார் விபத்தில் இறந்தார். 1983-இல் கம்பெனி மூடப்பட்டது.

மேட்டலின் கதை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 1967-இல் அது வெளியிட்ட கறுப்பு ‘ஃபிரான்சி’ பொம்மைக்கு வெள்ளை ஃபிரான்சியின் அதே தலை அச்சு, சாயம் மட்டும் வேறு. ஷிண்டானா பிறந்த 1968-இலேயே பார்பியின் தோழியாகக் கிறிஸ்டி என்ற கறுப்புப் பொம்மை வந்தது. பார்பி என்ற பெயர் மட்டும் வெள்ளைப் பொம்மைக்கே. பார்பி பிறந்து 21 ஆண்டு கழித்து, 1980-இல்தான் கறுப்புப் பொம்மைக்கு அந்தப் பெயர் கிடைத்தது. உடையும் தோற்றமும் வடிவமைத்தவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ், தென் கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். பாடகி டயானா ராஸை நினைத்து வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். குட்டையான ஆஃப்ரோ முடி, பளபளக்கும் சிவப்பு உடை. 1955 முதல் மேட்டலில் வேலை பார்த்த பியூலா மே மிட்செல் என்ற கறுப்பினப் பெண்மணி, எங்களைப் போல ஒரு பார்பி செய்யுங்களேன் என்று முதலாளியம்மா ரூத் ஹேண்ட்லரிடமே கேட்டதை அவருடைய உறவுப்பெண் எடுத்த ‘பிளாக் பார்பி’ ஆவணப்படம் சொல்கிறது.

ஆப்பிரிக்கக் கண்டத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகு கடைத் தட்டுகளில் அமர்ந்தது மஞ்சள் முடிப் பொம்மைதான். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் தாவ்ஃபிக் ஒகோயா என்ற தொழிலதிபர் சொந்தக்காரச் சிறுமிக்குப் பரிசு வாங்கப் போய்க் கறுப்புப் பொம்மை கிடைக்காமல் திரும்பினார்; 2007-இல் ‘குயின்ஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா’ பொம்மைகளைத் தொடங்கினார். யொருபா, இக்போ, ஹவுசா என்னும் மூன்று பெரிய இனங்களுக்கும் ஒவ்வொரு ராணி, அவரவர் மரபுத் துணி, தலைக்கட்டு. 2014-இல் மாதம் 6,000 முதல் 9,000 வரை விற்பதாக அவர் ராய்ட்டர் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். உடல் பாகங்கள் சீனாவிலிருந்து வந்தன; உடை மாட்டிப் பொருத்துவது நைஜீரியாவில். உடல்வாகோ பார்பியினுடையது போல ஒல்லி. ஆப்பிரிக்கப் பெண்ணின் உடல்வாகில் முதலில் செய்து பார்த்ததாகவும், குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை என்றும் ஒகோயா ஒப்புக்கொண்டார். பெயர் நிலைத்த பிறகு உடலை மாற்றலாம் என்பது அவர் கணக்கு. பாய்டுக்கு ஜெர்மனி போல ஒகோயாவுக்குச் சீனா.

இன்று மேட்டல் பல நிறங்களிலும் பல தலைமுடிகளிலும் பார்பி விற்கிறது, தனித்தனி முக அச்சுகளோடு. அமெரிக்காவில் யெலிட்சா ஜான்-சார்லஸ் என்ற கறுப்பினப் பெண் தொடங்கிய ஹெல்தி ரூட்ஸ் கம்பெனியின் ஜோயி பொம்மைக்குத் தலை குளிப்பாட்டிச் சுருள் முடியைப் பின்னலாம். ஷிண்டானா திணறிய அதே முடி. இவையெல்லாம் முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பாய்டும் ஸ்மித்தும் கேட்டது பொம்மையை மட்டுமல்ல, பொம்மை செய்யும் இடத்தையும். அந்தக் கணக்கில் ஷிண்டானாவை மிஞ்சிய ஒன்று இன்னும் வரவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில், விளையாட்டுகளுக்கென்றே உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் தேசியப் பொம்மைப் புகழ்க்கூடம் ஒன்றை நடத்துகிறது. 1998-இல் அதில் சேர்க்கப்பட்ட முதல் வரிசையிலேயே பார்பிக்கு இடம் கிடைத்தது. பேபி நான்சியைச் சேர்த்தது 2020-இல், ஷிண்டானா மூடி 37 ஆண்டுகள் கழித்து.